பூகோள டீச்சர் பதில்கள்: மழைக் குடுவையும் முற்றத்துக் குச்சியும்

பள்ளி திறக்க இன்னும் சில நாட்கள்தான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆசிரியர்கள் எழுதியவை. செங்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் 31 வருடம் பூகோளம் நடத்தியவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? புத்தகத்தில் இப்போது புவியியல் என்று போட்டிருக்கிறார்கள். என் வாயில் பூகோளம் என்றுதான் வருகிறது.

பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ‘மழை மறைவுப் பகுதி என்றால் என்ன?’ என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ‘அப்படியானால் நம் ஊரில் ஏன் சாரல் அடிக்கிறது?’ என்றால் விழிக்கிறார்கள். நான் எங்கே தவறவிடுகிறேன்?
- ஓர் ஆசிரியை, தென்காசி அருகே

நீங்கள் கேட்டிருப்பது சரியான கேள்வி. அதைப் பாடம் முடிந்த பிறகு கேட்காமல், பாடத்துக்கு முன்னால் கேளுங்கள்.

நானும் முதல் சில வருடம் கரும்பலகையில் ஒரு மலை வரைந்து, இடப்பக்கம் அம்புக்குறி போட்டு, வலப்பக்கம் ‘மழை மறைவு’ என்று எழுதித்தான் நடத்தினேன். ஒரு ஜூலை மாதம், அந்தப் படத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து முதல் பெஞ்சுப் பிள்ளைகளின் நோட்டு நனைந்தது. ஒரு பெண் எழுந்து, “டீச்சர், நாம மலைக்கு எந்தப் பக்கம் இருக்கோம்?” என்று கேட்டாள். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்குப் பக்கம். படத்தின்படி மழை மறைவுப் பக்கம், அதாவது மழை வராத பக்கம். நோட்டோ நனைந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கு அவளுக்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியாமல் வீட்டுக்கு வந்தது இன்னும் மனதில் இருக்கிறது.

அடுத்த வருடம் மழையை அளக்க ஆரம்பித்தோம். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் போதும். கழுத்துச் சரிவு தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல்பகுதியைக் கவிழ்த்துப் புனல் மாதிரி உள்ளே செருகிவிட வேண்டும். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அதனால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராக வரும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று வைத்துக்கொண்டு ஸ்கேலை ஒட்டுங்கள். மரத்தடியிலோ கூரை ஓரத்திலோ வைக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். தரையில் தெறிக்கும் தண்ணீர் உள்ளே விழாமல் இருக்க ஓரடி உயரத்தில் ஒரு கல்லின் மேல் வைத்தால் நல்லது. தினமும் காலை 8:30-க்குப் பார்க்க வேண்டும். இந்திய வானிலைத் துறை அளக்கும் நேரமும் அதுதான்.

எங்கள் வகுப்பில் புளியரையிலிருந்து வரும் பையன் ஒரு பாட்டில் வைத்தான். செங்கோட்டையில் இரண்டு. வாரக் கடைசியில் பாவூர்சத்திரத்துக்கும் ஆலங்குளத்துக்கும் போகிற பிள்ளைகள் உறவுக்காரர் வீட்டில் ஆளுக்கொன்று வைத்தார்கள். ஒருத்தியின் அத்தை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவில் இருந்தாள், அங்கே ஒன்று. சீசன் நன்றாக இருந்த ஒரு வாரத்தில் எல்லா அளவையும் மேப்பில் எழுதினோம். ஆரியங்காவில் ஒரே நாளில் பாட்டில் பாதி. புளியரையில் இரண்டு விரல். செங்கோட்டையில் அதிலும் குறைவு. பாவூர்சத்திரத்தில் கூழாங்கல்லுக்கு மேல் ஒரு கோடு. ஆலங்குளத்துப் பாட்டிலில் சுழியத்துக்கு மேல் எதுவும் இல்லை, புனலில் தூசி படிந்திருந்தது. பிள்ளைகளே அந்த மேப்பில் விரலை வைத்து மேற்கிலிருந்து கிழக்கே நகர்த்திப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் கரும்பலகைக்குப் போனேன்.

அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தையும் நீராவியாக வைத்திருக்க முடியாது, மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகிறது, காய்கிறது. இது புத்தகத்தில் இருப்பதுதான். புத்தகம் சொல்லாதது நம் கணவாயை. ஆரியங்காவு பக்கம் மலை தாழ்ந்திருக்கிறது. அந்தத் தாழ்வின் வழியாகக் காற்று முழுசாகக் கொட்டி முடிக்காமல் மேகத்தையும் இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறது. அதுதான் சாரல். அதே காற்றை நம்பித்தான் நம் பக்கத்துக் காற்றாலைகளும் நிற்கின்றன. கிழக்கே போகப் போகச் சாரல் தீர்ந்து காற்று மட்டும் மிஞ்சுகிறது. ஆலங்குளம் பக்கத்துக்கு அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழை வரவேண்டும்.

முடிந்தால் ஜூனில் ஒரு நாள் பிள்ளைகளைச் செங்கோட்டையிலிருந்து புனலூர் ரயிலில் ஏற்றுங்கள். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழையும்போது இந்தப் பக்கம் வெயிலும் சாரலுமாக இருக்கும். அந்தப் பக்கம் வெளியே வந்ததும் ஷட்டரை இறக்க வேண்டியிருக்கும்.

என் மகள் எட்டாம் வகுப்பு. “அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் தரையில் எங்கேயும் இல்லையே, அதை எதற்குப் படிக்கணும்?” என்கிறாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.
- ஒரு தந்தை, புளியரை

தரையில் இல்லைதான். ஆனால் உங்கள் முற்றத்தில் ஒரு குச்சியை நட்டால் இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு மீட்டர் நீளக் குச்சி. தூக்குநூல் கட்டிப் பார்த்து நேராக நடுங்கள். காலை 11:45 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வைக்கச் சொல்லுங்கள். நிழல் சுருங்கிக்கொண்டே வந்து, பிறகு நீள ஆரம்பிக்கும். மிகக் குட்டையாக இருந்த நேரம்தான் நம் ஊரின் உண்மையான நண்பகல். அது 12 மணிக்கு வராது. ஏன் என்று உங்கள் மகள் கேட்பாள். அங்கேதான் தீர்க்கக்கோடு வருகிறது. நம் கடிகாரம் காட்டுவது உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கம் போகும் 82½ பாகைக் கோட்டின் நேரம். செங்கோட்டை ஏறக்குறைய 77¼ பாகை. வித்தியாசம் 5¼. பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம். ஆக, 21 நிமிடம். சூரியன் மிர்சாபூரைத் தாண்டி 21 நிமிடம் கழித்துத்தான் நம் முற்றத்துக்கு வருகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும், இது தெரியாமல் பிள்ளை அளந்தது தப்பு என்று சொல்லிவிடக் கூடாது. வருடம் முழுக்க 12:21 வராது. நவம்பர் தொடக்கத்தில் 12:05 வாக்கில் வரும், பிப்ரவரி நடுவில் 12:35 ஆகிவிடும். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதும், அது சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டமாக இருப்பதும்தான் காரணம். ஏப்ரல், ஜூன் மாதங்களின் நடுப்பகுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப்போகும்.

அட்சக்கோட்டுக்கு மார்ச் 21 நல்ல நாள். அன்று நண்பகலில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் இங்கே சுமார் 16 செ.மீ. இருக்கும். குச்சியின் உச்சிக்கும் நிழலின் நுனிக்கும் ஒரு நூல் கட்டி, உச்சியில் குச்சிக்கும் நூலுக்கும் இடையில் உள்ள கோணத்தைப் பாகைமானியால் அளக்கச் சொல்லுங்கள். 9 வரும். அட்லஸைத் திறந்து செங்கோட்டை எங்கே இருக்கிறது என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு நாளும் இருக்கிறது. நம் அட்சக்கோட்டில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 13, 14 வாக்கில். அதாவது சித்திரை விசு! அடுத்த விசுவுக்குக் காலையில் கனி பார்த்துவிட்டு, 12:20-க்குக் குச்சியின் அடியில் பாருங்கள். நிழல் இருக்காது. நான் பார்த்தபோது 40 வயது தாண்டியிருந்தேன். பக்கத்து வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆகஸ்ட் கடைசியிலும் இதே மாதிரி ஒரு நாள் வரும், ஆனால் அப்போது மேகம் விடாது.

மேப் கேள்வியில் நதிகளை மாற்றி மாற்றிக் குறித்துவிடுகிறேன். ஒரு வழி சொல்லுங்கள் டீச்சர்.
- ஒன்பதாம் வகுப்பு மாணவன், கடையநல்லூர்

தம்பி, நதியைக் கடலிலிருந்து வரையாதே. பிறக்கும் இடத்தில் பென்சிலை வைத்துக் கடல்வரை இழு. ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இழு: “நர்மதை அமர்கண்டகில் பிறக்கிறது, மேற்கே போகிறது.” அதற்குத் தெற்கே, அதே திசையில், தபதி. பெருநதிகளில் இந்த இரண்டும் மேற்கே போவதைப் பிடித்துக்கொண்டால் மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி நான்கையும் வடக்கிலிருந்து தெற்காக வரிசையாகக் கிழக்கே விடலாம். கடகரேகையை முதலில் மெல்லியதாகப் போட்டுக்கொள், மற்ற இடங்களைப் பிடிக்க அது உதவும். வாரத்துக்கு இரண்டு வெற்று மேப் போதும், பத்து வேண்டாம்.

‘மலைக்கு மேற்கே கேரளம், கிழக்கே தமிழ்நாடு’ என்று டியூஷனில் சொல்லிக்கொடுத்தார்களாம். எங்கள் ஊருக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே மலையே இல்லையே என்று என் மகன் கேட்கிறான். அவன் கேரளத்தில் தமிழ் வழியில் படிக்கிறான்.
- ஒரு தாய், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

உங்கள் மகன் சொல்வதுதான் சரி. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பெரிய வாசல் இருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். நீங்கள் இருப்பது அந்த வாசலில். அங்கே எல்லைக்கோடு மலைமுகட்டைப் பார்த்துப் போகவில்லை. தண்ணீரும் எல்லையைப் பார்க்கவில்லை: தமிழ்நாட்டு ஆழியாறு உங்கள் சித்தூர்ப் புழையில் சேர்ந்து, பாரதப்புழையாகிப் பொன்னானியில் அரபிக்கடலைத் தொடுகிறது. கேரளத்தில் கரிசல் மண் பார்க்க வேண்டுமானால் உங்கள் தாலுகாவுக்குத்தான் வரவேண்டும். ஊருக்குக் கிழக்கே பனைமரங்கள் எங்கே கூடுகின்றன, மண் எங்கே கறுக்கிறது என்று அவனை ஒரு நாள் சைக்கிளில் போய்ப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரின் கதை இதற்கு நேர்மாறு. செங்கோட்டை மலைக்குக் கிழக்கே இருந்தும் 1956 நவம்பர் 1 வரை மலைக்கு அந்தப் பக்கத்து அரசில்தான் இருந்தது. என் ஆச்சி கடைசிவரை சென்னையைப் பற்றிப் பேசியதைவிடத் திருவனந்தபுரத்தைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். தாலுகாவைப் பிரித்தபோது மலைக்கு மேற்கே இருந்த பகுதி கேரளத்தில் நின்றுவிட்டது. ஆரியங்காவில் எங்களுக்கு இன்றைக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மலை இயற்கையாக நிற்கிறது, எல்லையை மனிதர்கள் பேசி முடிவு செய்கிறார்கள். இரண்டும் ஒன்றாகப் போகும் இடமும் உண்டு, போகாத இடமும் உண்டு. அவன் ஆசிரியரிடம் இதைத் தயங்காமல் சொல்லட்டும்.

நிலச்சரிவுப் பாடத்தை எப்படி நடத்துவது என்று தெரியவில்லை. என் வகுப்பில் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வரும் பிள்ளைகள். ‘உருள்பொட்டல்’ என்று நிலச்சரிவைச் சொல்லும் மலையாளச் சொல்லைக் கேட்டாலே சிலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.
- தமிழ் வழி ஆசிரியர், மூணாறு பகுதி

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் சிதைந்தன. உங்கள் பிள்ளைகளில் யாருக்கு யார் உறவு என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். படமோ வீடியோவோ காட்டித் தொடங்க வேண்டாம். வெளியே போய் உட்கார்ந்திருக்க விரும்பும் பிள்ளையை விட்டுவிடுங்கள்.

ஆனால் பாடத்தை விட்டுவிடாதீர்கள். இந்தப் பாடம் மற்ற எல்லாரையும்விட அவர்களுக்குத்தான் வேண்டும்.

ஒரு பலகையின் மேல் அந்த ஊர் மண்ணையே நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். ஒரு பக்கத்தைச் செங்கல் வைத்துத் தூக்குங்கள். உலர்ந்த மண் நிற்கும். பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள், கொஞ்ச நேரம் அப்போதும் நிற்கும். பிறகு மண்ணின் இடைவெளியெல்லாம் தண்ணீர் நிறைந்து, மண் கனத்து, துகளுக்குத் துகள் இருந்த பிடி விட்டுப்போகும். அப்போது ஒரேயடியாக இறங்கும். ‘திடீரென்று வந்தது’ என்று நாம் சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது என்பதைப் பிள்ளைகள் கடிகாரம் பார்த்துக் குறிக்கட்டும். அந்தப் பலகையின் மேல் தீப்பெட்டி வீடு எதையும் வைக்காதீர்கள்.

அடுத்து சமஉயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு. பாதி உருளைக்கிழங்கை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, உச்சியிலிருந்து அடிவரை ஸ்பூனால் ஒரு பள்ளம் இழுத்துவிடுங்கள். படுக்கைவாட்டில் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக நோட்டில் வைத்து ஓரம் வரையச் சொல்லுங்கள். கோடுகள் நெருங்கும் இடம் செங்குத்து. பள்ளம் இழுத்த இடத்தில் ஒவ்வொரு கோடும் மேட்டை நோக்கிக் கூராக வளைந்திருக்கும். தண்ணீரும் மண்ணும் பாறையும் இறங்கி வரும் வழி அதுதான். பிறகு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போ ஷீட்டில் (நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் மேப்பில்) உங்கள் பகுதியை எடுத்துப் பழுப்புக் கோடுகளில் அந்தக் கூர்களைத் தேடச் சொல்லுங்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் பொதுவாக 20 மீட்டர் உயரம். தங்கள் வீடு எந்தக் கூருக்கு நேர் கீழே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது பயமுறுத்துவது ஆகாது.

அடையாளங்களையும் சொல்லிக்கொடுங்கள். தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு. நேராக நின்ற மின்கம்பமோ மரமோ சாய்வது. நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இறுகுவது. ஓடை திடீரென்று செம்மண்ணாகக் கலங்குவது, அல்லது கொட்டும் மழையில் அது சட்டென்று குறைந்துபோவது. மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதில் எதைப் பார்த்தாலும் ராத்திரியானாலும் பெரியவர்களை எழுப்பி, ஓடைப் போக்கிலிருந்து விலகிப் பக்கவாட்டில் மேடான இடத்துக்குப் போக வேண்டும், மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கோ அவசர எண் 112-க்கோ சொல்ல வேண்டும். இதை ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் போய் அம்மாவுக்கு நடத்தட்டும்.

களப்பயணத்துக்கு எங்கள் தலைமையாசிரியர் அனுமதி தருவதில்லை. வகுப்பறைக்குள்ளேயே ஆற்றைப் பற்றி எப்படிக் காட்டுவது?
- ஓர் இளம் ஆசிரியர், கொல்லம் மாவட்ட எல்லை

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியிலும் இதே நிலைதான். கணவாயில் மாநில எல்லையில் இருக்கும் கோட்டைவாசல்வரை கூட்டிப்போய், ஒரு பக்கம் விழும் மழை கல்லடையாறாகி அஷ்டமுடிக் காயலுக்கும், இன்னொரு பக்கம் விழுவது சிற்றாறு, தாமிரபரணி வழியாக மன்னார் வளைகுடாவுக்கும் போவதைக் காட்ட ஆசைப்பட்டேன். மூன்று வருடம் கேட்டும் விடவில்லை. எனக்கு அப்போது அழுகை வந்திருக்கிறது.

ஒரு மழைநாளில் மாடித் தண்ணீர்க் குழாய் வேப்பமரத்தடியில் கொட்டிக்கொண்டிருந்தது. குழாய்க்குக் கீழே குழி பறித்து, கொஞ்சம் தள்ளி வளைந்து வளைந்து ஓடி, மைதானம் சமமாகும் இடத்தில் விசிறி மாதிரி மண்ணைப் பரப்பி நின்றது. இளநிலை, முதிர்நிலை, மூப்புநிலை, டெல்டா, எல்லாம் பன்னிரண்டு அடிக்குள். வளைவின் வெளிப்பக்கம் அரித்து உள்பக்கம் மண் சேர்வதைப் பிள்ளைகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவன் ஒரு வேப்பிலையைப் போட்டு வேகம் அளந்தான். அதற்கு யார் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

அந்தக் குழாயை வைத்தே நீர்ப்பிடிப்புப் பகுதியையும் சொல்லிக்கொடுங்கள். மழை விட்ட பிறகும் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும், ஏனென்றால் அது மாடி முழுக்கச் சேர்ந்த தண்ணீர். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவன் உயிர் போனது. அருவிக்கரையில் நிற்பவனுக்கு மேலே மலையில் பெய்யும் மழை தெரியாது. அருவிக்கும் ஆற்றுக்கும் பக்கத்தில் வளரும் பிள்ளைகள் இதை அறியாமல் பள்ளியை விட்டுப் போகக் கூடாது.

போன வருடம் நீங்கள் எழுதியதைப் பார்த்து மழைமானி செய்தேன். மழையே பெய்யாத நாளில் நோட்டில் என்ன எழுத? அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடலாமா?
- எட்டாம் வகுப்பு மாணவி, சுரண்டை

விடாதே, பாப்பா. 0 என்று எழுது. சும்மா விட்டால், பிறகு அந்த நோட்டைப் பார்க்கிறவருக்கு அன்றைக்கு மழை இல்லையா, நீ பார்க்கப் போகவில்லையா என்று தெரியாது. போகாத நாளில் ஒரு சிறு கோடு போட்டுவிடு. ஜூன், ஜூலை இரண்டு மாத அளவையும் எனக்கு எழுதி அனுப்பு. செங்கோட்டை அளவோடு பக்கத்தில் வைத்து இந்தப் பக்கத்தில் போடலாம்.